வழிகாட்டி நூலின் ஆசிரியர் கடைக்கு வருகிறார்

சனிக்கிழமை, மணி பன்னிரண்டு பத்து. நெடும்பாதையில் நாள்கணக்காக நடப்பவர்கள் தங்களுக்கே முன்கூட்டி அனுப்பிவைத்த உணவுப் பெட்டிகளோடு தபாலகம் மூடிவிட்டது. இனி திங்களன்றுதான் திறக்கும். தன் பெட்டியும் உள்ளே மாட்டிக்கொள்ள, பூட்டிய கதவை உலுக்குகிறவர், அந்தப் பாதைக்கே வழிகாட்டி நூல் எழுதிய மகாமேதை வெண்டெல். எதிர்க்கடை டார்லீன் பல்லைக் கடித்தபடி பார்க்கிறாள். அந்த நூல் வந்ததிலிருந்து அவள் கடைக்கு ஈதான் வருகிறது. அவர் நொண்டியபடி நுழைகிறார். வியர்வை நாற்றம் அவருக்கு முன்னால் நுழைகிறது. “மேடம், நாலு நூடுல்ஸ் குடுங்க. ரெண்டு நாளா பட்டினி.” டார்லீன் கல்லாவுக்கு அடியிலிருந்து நூலை எடுத்து நிதானமாக வாசிக்கிறாள்: “‘இந்த ஊரில் இறங்காதீர்கள். கடைக்காரியின் மூஞ்சியைப் போலவே ரொட்டியும் புளித்தது.’” “அது சும்மா தமாஷுக்கு எழுதுனது, மேடம்!” வெயிலில் மினுங்கும் நூடுல்ஸ் அடுக்கைத் தாண்டிப் போய் அவள் கதவை அகலத் திறந்துவிடுகிறாள். “அடுத்த வரியையும் கேளுங்க சார்: ‘அடுத்த ஊர் நாற்பது மைல்தான், சுகமான நடை.’”