குழாய்க்குச் சந்தனக் காப்பு

"சாமி மேல சுத்தியல ஓங்குததுக்கு நீரு யாருவே?"

தளவாய் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், அம்பாசமுத்திரத்தில் அவருடைய அரிசி ஆலையில் இருந்த அத்தனை பேரும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

காலையில் பாய்லருக்கு நெருப்பு மூட்டுமுன்னே வந்து நின்ற பாய்லர் இன்ஸ்பெக்டர் நேசையா, ஓங்கிய கையை இறக்கினார். "சாமியத் தட்டல அண்ணாச்சி. குழாயத்தான் தட்டப் போனேன்."

"அது வெறும் குழாயா? நல்லாப் பாரும். சந்தனம் இருக்கு, குங்குமம் இருக்கு, மாலை இருக்கு. சர்ச்சுக்குப் போவுத வேதக்காரனுக்கு எங்க சாமியோட அருமை எங்கன தெரியப் போவுது?"

"அதானே!" என்றது கூட்டம். எல்லாரையும்விடப் பலமாகச் சொன்னவள் பேச்சித்தாய்.

சொல்லமாட்டாளா பின்னே? பங்குனி பிறந்து, பிசான அறுப்பு நெல் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரம். நெல் அவிக்கிற தொட்டியடியில் நின்று வாங்குகிற கூலிதான் அவள் வீட்டு அடுப்பை எரிய வைப்பது. இந்த மனுஷன் ஆலையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனால், பிள்ளைகளுக்கு ஆற்றுத் தண்ணீரைத்தான் காய்ச்சி ஊற்ற வேண்டும். எங்கிருந்து வந்து சேர்ந்தானோ பாவி என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

போதாக்குறைக்கு, அந்தச் சந்தனம் அவள் கையால் அரைத்தது.

பாய்லரிலிருந்து தொட்டிக்கு ஆவி கொண்டு போகிற இரும்புக் குழாய் அது. பெண்கள் தலைக்கு நேர் மேலே ஓடியது. ஐப்பசியில் அதில் கீறல் விழுந்து, கழற்றி, பழுக்கக் காய்ச்சிப் பற்றவைத்து மறுபடி மாட்டினார்கள். அன்றிலிருந்துதான் அண்ணாச்சிக்குப் பக்தி முற்றியது. ஊர் உலகம் ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு அதோடு மறந்துவிடும். இவரோ தினமும் விடிந்ததும், பற்றவைத்த இடத்தில் அடை கனத்துக்குச் சந்தனம் அப்பச் சொன்னார். அப்பிய சந்தனம் மதியத்துக்குள் காய்ந்து வெடித்துவிடும். வெடிப்புக்குள்ளிருந்து 'புஸ்' என்று சத்தம் வரும்.

"சாமி பேசுதாரு" என்பார் அண்ணாச்சி. பெண்கள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"சரி, நான் தொடல. நீங்களே தொடச்சுக் காட்டுங்க" என்றார் நேசையா.

"காப்பைக் கலைச்சா குத்தம்லா?"

"யாரு பத்தவெச்சது?"

"நம்ம கொல்லாசாரிதான். இந்தத் தாலுகாவுல ஓடுத மாட்டு வண்டில முக்காவாசிக்கு அவருதான் சக்கரத்து இரும்புப் பட்டா பத்தவெச்சிருக்காரு. ஒண்ணாவது விட்டிருக்கான்னு போயிக் கேளும்."

"வண்டிப் பட்டா விட்டுப்போனா வண்டி சாயும், அம்புட்டுதான். இது விட்டுப்போனா, கீழ நிக்கித பொம்பளைய நெல்லோட சேந்து அவிஞ்சு போவாவ அண்ணாச்சி. அதனாலதான் பத்தவெச்ச எடத்தக் கண்ணால பாக்கணும்ங்கோம். சுத்தியலால தட்டிச் சத்தம் கேக்கணும். பச்சத் தண்ணிய உள்ள அடச்சு அழுத்திப் பாக்கணும். ஒட்டு சரியில்லேன்னா தண்ணிதான் சிந்தும், யாரு உயிரும் போவாது. தாங்குனா தாராளமா ஆவிய விடுங்க. சட்டம் கேக்கது அம்புட்டுதான்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டால் அவருக்கு வீரம் தானாக வந்துவிடும்.

"உம்ம சட்டம் நேத்துக் கப்பல்ல வந்து எறங்குனது வே. எங்க பிள்ளையாரு எந்தக் காலத்து ஆளு! ஆலை கட்டுன அன்னைக்கே இந்தக் குழாய்க்குக் கீழ அவர உக்கார வெச்சாச்சு. அவரத் தாண்டி என்ன ஆயிரும்ங்கேன்? இந்தா, காவலுக்கு இருக்காருல்லா?"

திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

நேசையா எட்டிப் பார்த்தார். குழாய்க்கு நேர் கீழே எண்ணெய்ப் பிசுக்கேறிய சின்ன மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் நெல் கிளறுகிற துடுப்பும் பேச்சித்தாயின் கஞ்சிக் கலயமும் இருந்தன.

"காவல்காரரக் காணலியே அண்ணாச்சி?"

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அது வந்து... தவிட்டுத் தூசி..."

பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை. முதலாளியின் பக்தியை எங்கிருந்தோ வந்த ஒரு ஆபீசர் சந்தேகப்படுவதா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க மொதலாளியத் தப்பா நெனைக்காதிய ஐயா. குழாயப் பத்தவெச்சு மாட்டுன அன்னைக்கே, ஆவி கீவி பட்டுச் சாமிக்கு ஒண்ணு ஆயிரப்படாதுன்னு, பிள்ளையாரப் பூப்போலத் தூக்கிட்டுப் போயி அவுக வீட்டுல வெச்சிட்டாவ. எடம் சும்மா கெடக்க வேண்டாம்னுதான் எங்கள இங்கன நிக்கச் சொன்னாவ."