விழாத ரேகை

குலுக்கலில் பெயர் விழுந்த ஒருவரின் கைரேகை இல்லாமல் பிரதமர் போர் தொடங்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. இந்த முறை விழுந்தது பண்ருட்டி அஞ்சலாட்சியின் பெயர். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் அதிகாரி ஒருவர் வந்து கருவியை நீட்டினார்.

"யார் மேல சார் சண்டை?"

"அதைச் சொல்ல சட்டத்துல இடமில்லம்மா. நீங்க கட்டைவிரலை மட்டும் வைங்க."

அஞ்சலாட்சி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேணாம்னா எதை அமுக்கணும்?"

"அதுக்குப் பொத்தான் வைக்கலம்மா."

அப்படியும் ஒரு கருவியா என்று வியந்தபடியே விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. இருபது வருஷமாக முந்திரி ஓட்டுப் பால் பட்டுத் தேய்ந்த விரல்கள் அவை.

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. "விமானமெல்லாம் கிளம்பத் தயாரா நிக்குதும்மா! இன்னும் ஒரு தடவை அழுத்தி வைங்க."

ரேஷன் கடையில் மாதாமாதம் தன்னிடம் சொல்லப்படுவதையே அஞ்சலாட்சி அவரிடம் பொறுமையாகச் சொன்னாள்.

"அரிசிக்கே விழாத ரேகை சார் இது. போயிட்டு நாளைக்கு வாங்க."