சுபாஸின் புதுச் சைலன்சர்

சுபாஸின் பழைய பிக்கப் குறுகலான ஒழுங்கைக்குள் வந்தால் செத்தவனும் எழும்பி உட்காருவான். பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, அப்படி ஒரு சத்தம். சைலன்சர் என்ற பெயரில் அதற்கு அடியில் தொங்கியது மூன்று துண்டு துருப்பிடித்த குழாய். ஓட்டை விழுந்த இடங்களில் மீன் ரின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தான். அதையும் ஒரு வாகனம் என்று சொல்லி, புத்தூரிலிருந்து தினமும் விடியப்புறம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தான் அந்த மனுஷன்.

ஒழுங்கைச் சனம் அந்தச் சத்தத்தில் விழிக்கும், அவனைத் திட்டும், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி படுக்கும். விடிந்து பார்த்தால் சில நாட்களில் யாராவது ஒருவர் வீட்டில் ஆடு இருக்காது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சத்தம் கேட்கிறது, ஆடு போகிறது. சுபாஸ்தான் ஆட்டுக்கள்ளன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கள்ளனைப் பிடிக்க விழிப்புக்குழு ஒன்றும் இருந்தது. கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் அனுப்பிய மஞ்சள் மேலங்கி, டோர்ச் லைற், விசில் எல்லாம் இருந்தன. தலைவர் தொடங்கி ஒருவரும் வெயில் ஏறமுன் எழும்பியதாகத்தான் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில், ஒருநாள் சுபாஸ் பிக்கப்பைக் கொண்டுபோய்ப் பருத்தித்துறை வீதியில் தனோஜனின் கராஜில் விட்டான்.

"தம்பி, எஞ்சினடியிலை இருந்து வால் மட்டும் முழுக்க மாத்திவிடு. ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுக்கும் கேக்கப்படாது."

தனோஜன் பிக்கப்புக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தான்.

"உதிலை மாத்துறதுக்கு என்ன கிடக்கு அண்ணை? மீன் ரின்தான் கிடக்கு."

"பகிடி விடாதை. புகைச் சோதினையிலையும் விழுத்திப்போட்டாங்கள்."

"புகைக்கோ, வேறை அலுவலுக்கோ?" என்றான் தனோஜன். ஊர்க்கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

சுபாஸ் ஸ்பனரை எடுத்து அவனிடம் நீட்டினான்.

முதல் நட்டைக் கழற்றுவதற்குள் சங்கதி தலைவருக்கு எட்டிவிட்டது. விழிப்புக்குழுத் தலைவர் சிவக்கொழுந்தர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கொளுத்துகிற வெயிலுக்குள்ளும் மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில். கோயில் கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம், செத்தவீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் எழும்பி நின்று பேசுகிற வாய் அது.

"ஆரைக் கேட்டு உதை மாத்துறாய்?"

"என்ரை வாகனத்துக்கு நான் ஆரைக் கேக்கிறது ஐயா?"

"வாகனம் உன்ரைதான். போன ஆடுகள் எங்கடை. நீ எப்ப வெளிக்கிடுறாய் எண்டு உந்தச் சத்தத்தாலைதான் ஊருக்குத் தெரியுது. அதையும் நிப்பாட்டிப்போட்டுப் பூனை மாதிரித் திரிஞ்சால் உன்னைப் பிறகு ஆர் பிடிக்கிறது?"

"நான் ஆடு களவெடுத்ததை ஆர் கண்டது?"

"காணத்தான் போறம். நீ சைலன்சரை மாத்தினாய் எண்டால் நீதான் கள்ளன் எண்டு நானே பொலிசிலை சொல்லுவன். வாகனம் அவையின்ரை வளவுக்குள்ளை கிடந்து உக்கும். விளங்குதோ?"

சுபாஸுக்கு நன்றாகவே விளங்கியது. அந்த ஓட்டை வாகனம் போனால் அவன் வீட்டில் உலை கொதிக்காது. அதோடு, ஆட்டுக்கள்ளன் என்ற பெயர் பிள்ளைகளின் தலையிலும் விடியும். தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி ஐயா. மாத்தமாட்டன்."

தலைவர் தனோஜனையும் ஒருமுறை முறைத்துவிட்டு, பெரிய வழக்கொன்றை வென்ற நடையில் போய் மோட்டார்சைக்கிளில் ஏறினார். அது சந்தியில் திரும்பும் மட்டும் சுபாஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, நீ மாத்து. ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை."

"அண்ணை, இப்பதானே அவருக்குச் சொன்னனீங்கள்..."

"விடிய நான் ஓடவேணும். மாத்து."

முகத்துக்கு நேரே பொய் சொல்லவும் கூச்சமில்லை இவனுக்கு. தனோஜனுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தானே. துருப்பிடித்த நட்டுகளை வெட்டி எறிந்து, புதுக் குழாய், புது சைலன்சர், தொங்குகிற றபர் எல்லாம் பூட்டி எஞ்சினைப் போட்டான். சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கள்ளனுக்கு ஏற்ற சாமான் என்று நினைத்துக்கொண்டான்.

"ஒழுங்கைக்குள்ளை இன்னும் ஆரிட்டை ஆடு நிக்குது?" என்று குத்தலாகக் கேட்டான்.

"வளைவு வீட்டுக் கஜானியிட்டை ஒரு சினையாடு நிக்குது. வேறை ஒருத்தரிட்டையும் இல்லை" என்றான் சுபாஸ், கொஞ்சமும் யோசிக்காமல்.

மறுநாள் விடியப்புறம் சுபாஸ் திறப்பைத் திருகினான். அவனுடைய நாய்கூடத் தலை நிமிர்த்தவில்லை. யாராவது கண்டால் தலைவரிடம் போய் ஓதிவிடுவார்கள். அந்தப் பயத்தில் லைற்றையும் போடாமல், நிலவு வெளிச்சத்தில் ஒழுங்கையால் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். ஒரு வீட்டிலும் இருமல் சத்தம்கூட இல்லை.

வளைவில், கஜானியின் படலைக்கு நேரே பிக்கப்பை நிறுத்தினான். படலைக்கு உள்ளே, முற்றத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. லைற்றைப் போட்டான்.

சினையாட்டை இடுப்போடு அணைத்து, கத்தாமல் அதன் வாயை இறுக்கிப் பொத்தியபடி, சுபாஸின் வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, அந்தப் பழைய பிக்கப் ஸ்டார்ட் ஆகிற சத்தத்துக்காகப் பொறுமையாகக் காத்து நின்றார் தலைவர் சிவக்கொழுந்தர்.