அமெரிக்க அச்சு

மயிலாப்பூர் வக்கீல் ராமானுஜம் அதுவரை பிறத்தியார் வீட்டு வெற்றிலையைக்கூடக் கேட்காமல் எடுத்தவரில்லை. ஆனால் அன்று சாயங்காலம் திருடுவதற்கென்றே ராயப்பேட்டைக்குக் கிளம்பினார்.

எல்லாம் ஜாஸ் பைத்தியம் செய்த வேலை. யுத்தம் வந்ததிலிருந்து இசைத்தட்டு செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு. இங்கே அச்சாகும் இசைத்தட்டுகளில் எதையெதையோ பொடித்துக் கலப்பதாகப் பேச்சு. ஊசியை வைத்தால் பாட்டுக்கு முன்னால் அப்பளம் பொரியும்.

அப்படியிருக்கையில்தான் அத்தர் வியாபாரி ஹபீபுர் ரஹ்மான் வீட்டில் ஒரு தட்டைக் கேட்டார். ஊருக்குத் திரும்பிய அமெரிக்க சோல்ஜர் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது, அமெரிக்காவிலேயே அச்சானது. துளி இரைச்சல் இல்லை. அடுத்த அடிக்குப் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுந்தது. மறுநாள் கோர்ட்டில் ராமானுஜத்துக்குத் தன் கட்சிக்காரரின் பெயரே மறந்துபோயிற்று.

விலைக்குக் கேட்டுப் பார்த்தார்.

"சிநேகிதன் குடுத்தது வக்கீல் சார். அத்தப் போய் விக்கிறதா?" என்று ரஹ்மான் வெள்ளையாகச் சிரித்துவிட்டார்.

வேறு வழியில்லை. ராமானுஜத்திடம் அதே பாட்டு, யுத்தத்துக்கு முன் லண்டனில் அச்சான தட்டாக இருந்தது. உள்ளூர்த் தட்டை வைத்தால் முதல் தடவையே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதையே பலி கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் திருவல்லிக்கேணிக்காரர் ஒருவரைப் பிடித்து, அமெரிக்க லேபிள் போலவே கறுப்பில் தங்க எழுத்து அடித்து வாங்கி ஒட்டினார். கேஸ் கட்டுகளுக்கு நடுவே தட்டைச் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

ரஹ்மான் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். கிராமபோன் பக்கத்தில், மேஜை மேலேயே இருந்தது தட்டு.

"நம்மூட்டு டீ நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். குந்துங்க, இளநீர் வெட்டிக்கினு வரேன்."

கொல்லையில் அரிவாள் சத்தம் கேட்டது. ராமானுஜம் பையைத் திறந்தார். இது போய் அது வந்தது. இளநீர் வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னா சார், இப்டி வேர்க்குது?"

"புழுக்கமா இருக்கோன்னோ."

"வந்ததே வந்தீங்க, அந்தத் தட்டை ஒருவாட்டி கேட்டுட்டுப் போங்களேன்."

"வேண்டாம், வேண்டாம். ஆத்துல தேடுவா."

இளநீரை அரையும் குறையுமாகக் குடித்துவிட்டு, ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு ஓடினார். அறைக் கதவைச் சாத்தி, புது ஊசி மாட்டி, தட்டைச் சுழல விட்டார்.

அப்பளம் சட்டி நிறையப் பொரிந்தது.

உள்ளேயிருந்து மனைவி சுலோச்சனா குரல் கொடுத்தாள். "ஏன்னா, யாரு மழையில நின்னுண்டு பாடறா?"

ராமானுஜம் லேபிளை நகத்தால் சுரண்டினார். உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள். சுத்தமான உள்ளூர்ச் சரக்கு.

விஷயம் புரிந்துவிட்டது. தனக்கு முன்னாலேயே எவனோ ஒருவன் புகுந்து அசலை மாற்றி எடுத்துப்போயிருக்கிறான். ராமானுஜத்துக்கு ரத்தம் கொதித்தது. சூதுவாது தெரியாத மனுஷர் ரஹ்மான். இளநீர் வெட்டிக் கொடுக்கிறவர் வீட்டிலேயே கை வைக்கிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா?

போய் எச்சரித்துவிட்டு வரலாமென்று சட்டையைக்கூட மாட்டினார். உங்களுக்கெப்படித் தெரியும் என்று ரஹ்மான் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, திரும்பக் கழற்றினார். எப்படியோ, ரஹ்மானுக்கு இப்போது ஒரு நல்ல லண்டன் தட்டாவது கிடைத்திருக்கிறது. தன்னையறியாமல் ஒரு தர்மம் செய்துவிட்டோம் என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

அதே நேரம் ராயப்பேட்டையில், ராமானுஜம் வைத்துவிட்டுப் போன தட்டைக் கடைசிவரை கேட்டு முடித்த ஜஹீதா பேகம், கணவர் ரஹ்மானிடம் சொன்னாள்: "பேங்க்காரரு வெச்சிட்டுப் போனதைவிட இது நல்லா கீது, அசல் பீரோவுலயே இருக்கட்டும், நாளைக்கு அடையாறு டாக்டர் வர்றாரு, இன்னொரு மட்டமான தட்டுல லேபிள் ஒட்டி மேஜை மேல வெச்சிடுங்க."