சாட்சிக்கு ஒரு சகலை

தூறலில் வங்கி அதிகாரி அம்மாவுக்குக் குடை பிடித்தபடி, சகலையின் காகிதக் கிடங்குக்குள் முதல் ஆளாக நுழைந்தார் பெரிய மாப்பிள்ளை. சகலைக்குக் கடன் கிடைக்கட்டும் என்று தன் துணிக்கிடங்கையே பூட்டிவிட்டு வந்திருக்கிறாரே, இப்படியும் ஒரு மனிதரா என்று தெருவே பார்த்தது.

தெருவுக்கு என்ன தெரியும்? அவர் வந்தது கெடுக்க.

மாமனார் வீட்டுக்கு மூத்த மருமகன் அவர்தான். ஆனாலும் அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி சின்னவருக்குத்தான் போகும். கிடங்குகளும் பக்கத்துப் பக்கத்தில். சின்னவர் வாசலில் ஒரு லாரி வந்து நின்றால் இவருக்கு அன்று சோறு இறங்காது.

இப்போது வங்கி ஏதோ பசுமைக் கடன் தருகிறதாம். இந்தத் தெருவில் ஒருவருக்கு மட்டும், பாதி வட்டியில். இருவருமே கேட்டிருந்தார்கள். பாதி வட்டி என்று காதில் விழுந்த பிறகு பெரியவருக்கு வேறெதுவும் விழவில்லை.

பக்கத்து ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம், நீங்கள்தான் வர வேண்டும் என்று சின்னவரே வந்து கூப்பிட்டார். தெருவில் இத்தனை பேர் இருக்க என்னைப் போய்க் கூப்பிடுகிறானே, இவனெல்லாம் என்ன வியாபாரி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கிடங்குச் சுவர் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. பெரியவர் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். அடியில் இடுப்புயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு.

“போன மழையில ஆத்துத் தண்ணி இது வரைக்கும் நின்னுச்சு மேடம். சொந்தக்காரன்தான், அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?”

கூழாகிப்போன காகிதத்தை அள்ளிக் கொட்டிய படம்கூட அவர் செல்போனில் இருந்தது. மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்ப்பதற்காக வைத்திருந்தது.

அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “உங்க கிடங்குல எவ்வளவு வந்தது?”

“சொட்டுகூட வரலை.”

“பக்கத்துக் கட்டடம்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“என் பக்கம் மேடு மேடம்.”

அவர் பக்கமும் அதே பள்ளம்தான். நனைந்த துணியை விடியும் முன்னே வெளியூருக்கு ஏற்றி அடிமாட்டு விலைக்குத் தள்ளியது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். இன்னொரு வெள்ளம் வந்தால் தொழிலே எழுந்திருக்காது என்பதும் தெரியும். ஆனால் மூழ்குகிற இடத்தில் எந்த வங்கி பணம் போடும்?

அதிகாரி பேனாவை மூடினார். வெள்ளம் ஏறுகிற கிடங்குகளை அடுத்த மழைக்குள் உயர்த்திக் கட்டி, கூரையில் சூரியத் தகடு போடுவதற்கான பணம் இது என்றார். கிடங்கு மூழ்கினால் பழைய கடனும் கூடவே மூழ்கும் என்று வங்கிக்கே கவலையாம். தண்ணீர் ஏறாத இடத்துக்குத் தர விதியில்லையாம்.

பெரியவர் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். “மேடம், என் கிடங்குலயும் கொஞ்சம்...”

“சொட்டுகூட வரலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?” அதிகாரி படியிறங்கிப் போய்விட்டார்.

சின்னவர் பக்கத்தில் வந்து, அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பக்குவமாகத் தட்டிவிட்டார்.

“நான் சொன்னா நம்ப மாட்டேன்னுட்டாங்க. இதுக்கெல்லாம் உங்களை விட்டா எனக்கு யாருண்ணா இருக்கா?”