கழுத்தை ஆட்டாதீங்க

"கழுத்தை ஆட்டாதீங்க. என்ன ஆனாலும் ஆட்டாதீங்க" என்றபடி தியோடர் படிக்கட்டில் மண்டியிட்டு, அந்த வெள்ளைக் கழுத்துப் பட்டையை யுவனின் மோவாய்க்கு அடியில் நுழைத்து இறுக்கி ஒட்டினார்.

யுவனுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. ஃபயர் அலாரம் அலறியதும், தீ எங்கே என்றுகூடப் பார்க்காமல் பின்பக்கப் படிக்கட்டில் தலைதெறிக்க ஓடி, கால் இடறி உருண்டவன் அவன். கத்தத் தெம்பில்லாமல் கிடந்தவனைத் தியோடரின் ஆபீஸ் பாதுகாப்புக் குழு எப்படியோ கண்டுபிடித்துவிட்டதே!

"இங்கயா இருக்கீங்க? மேல் மாடியெல்லாம் தேடிட்டு வர்றோம்" என்றார் தியோடர், மூச்சிரைக்க.

பாவம், யுவன் தர்மபுரியிலிருந்து வந்து போன வாரம்தான் இந்தத் தொம்மலூர் ஆபீஸில் சேர்ந்திருந்தான். இன்னும் லேப்டாப் வரவில்லை, மெயில் திறந்து தரவில்லை. நாலு பேரிடம் பேசிப் பழகுவதற்குள் இப்படி ஒரு அறிமுகமா கிடைக்க வேண்டும்!

"சார்... கால் ரெண்டும் இருக்கிற மாதிரியே தெரியல சார்."

"சரி, சரி. கீழ யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

"தை மாசம் கல்யாணம் சார்." அவன் குரல் உடைந்தது. நிச்சயம் செய்த பெண் சிந்துவின் வீட்டில் மண்டபம்கூடப் பேசி முடித்துவிட்டார்கள். "எந்திரிச்சு நடந்துருவேன்ல?"

"ஜம்முனு நடப்பீங்க!" தோளைத் தட்டிவிட்டு, தியோடர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. கழுத்தெலும்பு நகர்ந்திருந்தா, தலை லேசாத் திரும்பினாலே தண்டுவடம் போயிடும். அதுக்குத்தான் இந்தப் பட்டை. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்ற வரைக்கும் கழட்டவே கூடாது."

என்ன பொறுப்பான மனுஷன்! இவர் கையில் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று யுவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பலகையில் கிடத்தி, நெஞ்சோடு கையையும் சேர்த்து வார் போட்டுக் கட்டி, நாலு பேராகத் தூக்கினார்கள். "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே செக்யூரிட்டி சின்னப்பா முன்னால் இறங்கினார்.

கீழே பார்க்கிங்கில் ஆபீஸே கூடியிருந்தது போல, ஒரே இரைச்சல். பட்டை தலையைத் திருப்ப விடவில்லை. யுவனுக்கு மேகம் மூடிய வானம் மட்டும்தான் தெரிந்தது. திடீரென்று சுற்றிலும் கைதட்டல்.

நான் உயிரோடு வந்ததற்கா இத்தனை பேர் தட்டுகிறார்கள்? யார் பெற்ற பிள்ளையோ என்று விடாமல் இவ்வளவு பாசமா! அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்றால், கையையும் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பலகையைத் தரையில் வைத்தார்கள். எப்போது ஆம்புலன்ஸ் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். வந்தது வேறு சத்தம். பர்ரென்று, கழுத்துப் பட்டையின் ஒட்டு பிரிகிற சத்தம்.

"ஐயோ, கழட்டாதீங்க சார்! கால் நெஜமாவே..."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தியோடரும் சிரித்துக்கொண்டே வார்களை அவிழ்த்து, யுவனின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அவனை வெடுக்கென்று தூக்கினார்.

"அடிபட்ட மாதிரி நடிச்சது போதும், எந்திரிங்க தம்பி, ஃபயர் டிரில் முடிஞ்சு போச்சு!"