கரண்ட் போன மத்தியானம்

கூடத்து மின்விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது, கழுத்து கிறீச்சிட்டது.

"கொஞ்சம் நில்லேன்" என்றது சுவரில் இருந்த பல்லி.

"நான் நின்றால் இந்த வீட்டில் இருப்பவர்கள் புழுங்கியே செத்துப்போவார்கள்" என்றது விசிறி.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. விசிறி பதறியபடியே மெதுவாகி, நின்றது. வீட்டார் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வாசல் புங்கமரத்தடிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒருத்தரும் சாகவில்லை போலிருக்கிறதே" என்றது பல்லி.

விசிறி தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு மூன்று இறக்கையா? இத்தனை வருஷமாக நான் ஒரு வட்டத் தட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்."

மறுநாள் சுற்றிக்கொண்டே அது மெல்லக் கேட்டது: "ஏன் பல்லி, இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும்?"